உதட்டில் மாட்டும் கொக்கி

எங்கள் தெரு முனையில் ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனி இருக்கிறது. லோடு ஏற்ற வரும் வேன் பின்பக்கமாக வரும்போது பீப், பீப் என்று கத்திக்கொண்டே வரும். சுவர் நெருங்க நெருங்கச் சத்தமும் நெருக்கமாகும். கடைசியில் ஒரே இழுப்பாக இழுத்து நிற்கும். அந்த இழுப்பு காதில் விழுந்ததும் என் வலது கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் அப்படியே நின்றுவிடுகின்றன. காபி டம்ளரைப் பிடித்திருந்தாலும் சரி, சட்டைப் பொத்தானைப் பிடித்திருந்தாலும் சரி. கழுத்தெலும்பு தேய்ந்துபோய்ப் போன வருடம் கிளினிக்கை விட்டேன். கழுத்து அதை ஒப்புக்கொண்டுவிட்டது. விரல்களுக்கு இன்னும் யாரும் தகவல் சொல்லவில்லை.

இந்த வயதிலேயே ஓய்வா என்று நண்பர்கள் பொறாமைப்படுகிறார்கள். கழுத்துப் பட்டையோடு அவர்கள் பக்கம் திரும்பி மறுப்புச் சொல்ல முடியாததால் பேசாமல் இருந்துவிடுகிறேன். மற்றவர்கள் ஓய்வு பெற்றதும் பதவிக்காக ஏங்குவார்கள், வணக்கம் வைக்கும் வாட்ச்மேனுக்காக ஏங்குவார்கள். நான் ஏங்குவது ஒரு பீப் சத்தத்துக்காக. வெளியே சொன்னால் வேறு டாக்டரிடம் அனுப்பிவிடுவார்கள். புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களிடம் சொல்லலாம். உங்களுக்கும் ஒருநாள் கழுத்து தேயும்.

இதை உங்கள் வீட்டில் வேறு யாராவது எடுத்துப் படிக்கக்கூடும். அவர்களுக்காக இரண்டு வரி. பல்லின் வேருக்குள் நூல் போன்ற குழாய் இருக்கிறது. நரம்பு செத்துச் சீழ் வைத்தால் அந்தக் குழாயை முனைவரை சுத்தம் செய்து அடைக்க வேண்டும். முனைக்கு முன்பே நின்றுவிட்டால் சீழ் மிஞ்சும். முனையைத் தாண்டினால் எலும்பில் குத்தும். முனையோ கண்ணுக்குத் தெரியாது. அதனால் எக்ஸ்ரே எடுக்கிறோம், கூடவே ஒரு மெஷினையும் வைத்துக்கொள்கிறோம். மெஷினிலிருந்து இரண்டு ஒயர் வரும். ஒன்று, குழாய்க்குள் இறங்கும் மெல்லிய கம்பியில். அதை ஃபைல் என்போம். மற்றொன்றின் நுனியில் சின்னக் கொக்கி. அதை நோயாளியின் உதட்டோரம் மாட்டிவிடுவோம். ஃபைல் இறங்க இறங்க மெஷின் அந்த வேனைப் போலக் கத்தும். முனை வந்ததும் இழுப்பு. அவ்வளவுதான் விஷயம்.

மெஷினைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லித்தர ஒன்றும் இல்லை. நீங்கள் வாங்கும் மெஷின் என்னுடையதைவிடப் புத்திசாலி, சில சமயம் என்னைவிடவும். ஆனால் அது பேசாமல் போகும் நாள் ஒன்று வரும். அன்றைக்கு எங்கே பார்ப்பீர்கள் என்பதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. விருதுநகரில் கிளினிக் வைத்துக்கொண்டு சிவகாசிப் பக்கத்து ஆட்களுக்கு வைத்தியம் பார்க்கப் போகிறவர்கள் முதலில் பழக வேண்டிய வார்த்தை 'மருந்து'. நமக்கு அது குணப்படுத்துவது. அவர்களுக்கு அது வெடிப்பது. நான் இந்த ஊர்க்காரன்தான், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் ஐந்து வருடம் வெளியூரில் படித்த படிப்பு, தெரிந்ததையெல்லாம் மறக்கடித்து அனுப்பியிருந்தது. கிளினிக் திறந்த புதிதில் ஆமத்தூரிலிருந்து ஒரு பட்டாசுத் தொழிலாளி வந்தார். வேலையை முடித்துவிட்டு, "உள்ள மருந்து வச்சு மேல சிமெண்ட் போட்டு அடைச்சிருக்கேன்" என்றேன். மனிதர் கன்னத்தைத் தடவிக்கொண்டு சற்று யோசித்தார்.

"திரி வச்சாச்சா டாக்டர்?"

வேர்க்குழாயை அடைக்கும் இளஞ்சிவப்புக் குச்சி பார்க்கத் திரி மாதிரியேதான் இருக்கும். நான் வேடிக்கை புரியாமல், "அது அடுத்த தடவதான்" என்றேன். அவர் வெளியே போய்க் காத்திருந்தவர்களிடம், "எல்லாரும் கொஞ்சம் தள்ளி உக்காருங்கப்பா, இப்பதான் மருந்து கெட்டிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுவதும் ஹாலில் சிரிப்பு ஓயவில்லை. என் உதவியாளர் எஸ்தர் அதை அதற்குப் பிறகு எனக்கு மறக்க விடவுமில்லை. சிமெண்ட் குழைத்துக் கொடுக்கும்போதெல்லாம், "கருமருந்தா, வெள்ளையா டாக்டர்?" என்பார்.

சிரிக்க வைத்த கதை அது. நாம் சொல்லும் சொல்லை நாற்காலியில் இருப்பவர் தன் வேலைக்குள் வைத்துத்தான் கேட்கிறார் என்பது, சிரிப்பு வராத இன்னொரு நாளில்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

அந்தப் பெண்ணை இங்கே செல்வி என்று வைத்துக்கொள்வோம். முப்பத்தைந்தை ஒட்டிய வயது. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வேலை. தீபாவளிக்கு முந்தைய சீசன். அந்தச் சமயத்தில் அங்கே லீவு கேட்பது, கல்யாண வீட்டில் சமையல்காரர் லீவு கேட்பதைப் போல. இருந்தும் வந்திருந்தார் என்றால் வலி அப்படி. வலது கன்னம் வீங்கி, அந்தப் பக்கத்துக் கண் சிறுத்திருந்தது. லோடு வேன் ஓட்டும் கணவர் பைக்கில் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

உள்ளே வரும்போது செல்வி எங்கள் கதவின் இரும்புக் கம்பியில் உள்ளங்கையைப் பதித்து எடுத்தார். அந்த ஆலைகளில் மருந்து ரூமுக்குள் போகுமுன் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டில் கை வைக்க வேண்டும். உடம்பில் ஏறியிருக்கும் கரண்ட் இறங்கிவிட வேண்டும் என்பதற்காக. நாம் செருப்பைக் கழற்றுவது மாதிரி அவர்களுக்கு அது. நான் அதைப் பலரிடம் பார்த்திருந்தேன். பார்ப்பதும் யோசிப்பதும் வேறு வேறு வேலை. அன்று நான் முதல் வேலையை மட்டும் செய்தேன்.

எக்ஸ்ரே எடுக்குமுன் பெண்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். நீங்களும் கேட்பீர்கள். கேட்டுக் கேட்டு அது கேள்வி என்பதே மறந்துபோகும். பஸ்ஸில் கண்டக்டர் "டிக்கெட், டிக்கெட்" என்று சொல்லிக்கொண்டே போவாரே, அந்த மாதிரி. கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டே கேட்டேன்:

"முழுகாம கிழுகாம இருக்கீகளா?"

பெரும்பாலும் சிரிப்பார்கள். வயதானவர்கள் திட்டுவார்கள். கையுறை மாட்டி முடிந்தும் செல்வியிடமிருந்து பதில் வராததால் நிமிர்ந்து பார்த்தேன். கதவு சாத்தியிருக்கிறதா என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் வெளியே ஹாலில் இருந்தார்.

"தெரியல டாக்டர்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இருக்கணும்."

நான் நிறையப் படிக்கிறவன் என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. தடித்தடியான நாவல்களை ஏங்கி ஏங்கிப் படித்துவிட்டு அதைப் பற்றி நண்பர்களிடம் பேசித் துன்புறுத்தியிருக்கிறேன். அந்த ஒற்றை வார்த்தையில் இருந்ததை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. 'பஸ் இந்நேரம் வந்திருக்கணும்' என்றால் ஊகம். 'மழை பெய்யணும்' என்றால் வேண்டுதல். இரண்டுக்கும் நம்மிடம் 'ணும்' என்ற ஒரே வால்தான். செல்வி எதைச் சொன்னார் என்று இலக்கணம் எனக்குக் காட்டித் தரவில்லை. முகம் காட்டித் தந்தது.

எஸ்தர் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். செல்விக்குக் கல்யாணமாகிப் பல வருடம். மதுரை வரைக்கும் போய் வைத்தியம் பார்த்தாகிவிட்டது. இப்போது நாள் தள்ளியிருக்கிறது. மருந்துக் கடையில் அந்தப் பரிசோதனைக் கார்டு கிடைக்குமே என்று எஸ்தர் கேட்டதற்கு, "வாங்கி வச்சிருக்கேன்க்கா. பிரிக்கல" என்றார். கணவரிடம் சொல்லவில்லை. முந்தின தடவை நாள் தள்ளிய சமயம் சொல்லித் தொலைத்துவிட்டாராம்.

"கம்பெனி பூராவும் முட்டாய் வாங்கிக் குடுத்துட்டாக டாக்டர். அப்புறம் நான்தான் ஒவ்வொருத்தருகிட்டயும் போயி இல்லன்னு சொன்னேன். இந்தத் தடவ நீங்களும் அவுககிட்ட சொல்லிறாதீக."

ஆக, அந்தச் செய்தி உலகத்தில் முதல்முதலாக வந்து சேர்ந்தது ஒரு பல் டாக்டரிடம். எனக்கு அப்படியொரு மரியாதை அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைக்கவில்லை.

படம் வேண்டாம் என்றார். மாத்திரை வேண்டாம், ஊசி வேண்டாம் என்றார். பல்லுக்கு எடுக்கும் எக்ஸ்ரே வயிற்றை எட்டிப் பார்ப்பதில்லை, வயிற்றை மறைக்கக் கவசமும் உண்டு, கர்ப்பிணிகள் சாப்பிடக்கூடிய மாத்திரைகளும் உண்டு என்று எடுத்துச் சொன்னேன். நீங்கள் பரீட்சையில் எழுதிய அத்தனையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வேணாம் டாக்டர்" என்றார். அறிவியல் என் பக்கம் இருந்தது. செல்வி என் பக்கம் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தது செல்விதான்.

இங்கேதான் உங்கள் வயதில் அவசரப்படத் தோன்றும். பல்லைப் பிடுங்கிவிடலாமா? வீக்கம் இருக்கும்போது ஊசியும் மாத்திரையும் இல்லாமல் பிடுங்க முடியாது. தவிர, அடுத்த பல் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. ஒத்துக்கொண்டால்தான் வைத்தியம் என்று அனுப்பிவிடலாமா? வீக்கம் கழுத்துக்கு இறங்கினால், அவர் காக்க நினைப்பதற்கே ஆபத்து. மிச்சமிருந்தது ஒரு வழி. நரம்பு செத்த பல்லுக்கு மரத்துப்போகும் ஊசி தேவையில்லை. திறந்து, குழாயை முனைவரை சுத்தம் செய்து, சீழை வெளியே விட்டால் வீக்கம் வடியும். படம் இல்லாமல் நீளம் கண்டுபிடிக்க மெஷின் ஒன்றுதான் துணை. குறைத்து நின்றால் சீழ் தங்கும், அப்புறம் மாத்திரையைத் தவிர வழியில்லை. தாண்டினால், அந்தக் கடைவாய்ப் பல்லுக்குக் கீழேதான் தாடையின் பெரிய நரம்பு ஓடுகிறது. பாதி உதடு மரத்தே போய்விடலாம். தினமும் செய்கிற வேலைதான். அன்றைக்கு மட்டும் கயிற்றின் மேல் நடப்பது போல இருந்தது.

"படம் வேண்டாம். மெஷின வச்சு அளந்துருவோம்" என்றேன். செல்வி தலையாட்டினார். மெஷின் என்றால் என்ன என்று அவர் கேட்கவில்லை. நானும் விளக்கவில்லை.

பல்லைத் திறந்ததுமே சீழ் கொஞ்சம் வந்தது. அவர் தோள்கள் இறங்கின. பல்லைச் சுற்றி ரப்பர் திரையை மாட்டினோம். மாட்டியபின் வாயில் அந்த ஒரு பல் மட்டும் தெரியும், மற்றதெல்லாம் திரைக்குப் பின்னால். உதட்டோரம் கொக்கியை எஸ்தர் மாட்டினார். செல்வி முந்தானை நுனியை வாயோரம் ஒற்றிப் பிடித்துக்கொண்டார். எச்சில் வழிகிறது போலிருக்கிறது என்று விட்டுவிட்டோம்.

ஃபைல் இறங்கியது. மெஷின் பேசவில்லை.

பேட்டரியை மாற்றினேன். ஒயரைப் பிடுங்கிச் சொருகினேன். குழாயைத் துடைத்தேன். வேறு ஃபைல் எடுத்தேன். ஒன்றும் இல்லை. எஸ்தர் வாய்க்குள்ளேயே ஜெபிக்கிறாரா, என்னைத் திட்டுகிறாரா என்று தெரியவில்லை. "மெஷின் வேலை செய்யல" என்று நான் சொன்னது ஹாலுக்குக் கேட்டுவிட்டது. கணவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"மெஷினு ஓடலன்னா போட்டோ எடுத்துப் பாருங்க டாக்டர். எங்க அண்ணனுக்குப் பல்லு பாக்கையில மூணு தடவ எடுத்தாக. இவளுக்கு மட்டும் ஏன் எடுக்க மாட்டேங்கீக?"

நியாயமான கேள்வி. பதில் என்னிடம் இருந்தது, சொல்ல அனுமதி இல்லை. ரப்பர் திரைக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. அவை என்னைப் பார்க்கவில்லை. மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தன.

"இந்தப் பல்லுக்குப் படம் தேவைப்படல" என்று ஏதோ சொன்னேன். அவர் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

அந்தச் சமயம் பார்த்து மெஷின் கத்தியது. படிப்படியாக வந்து சேரவில்லை. ஒரே தாவலாகத் தாவி, இழுத்து, முனை வந்துவிட்டது என்று காட்டியது. "இந்தா, ஓடுதுல்ல" என்றார் கணவர் நிம்மதியாக. எல்லோருக்கும் நிம்மதி. அந்த அளவை அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தால் கணவரும் வெளியே போயிருப்பார், ரகசியமும் தங்கியிருக்கும், நானும் வேலையை முடித்திருப்பேன். தவறான அளவுக்கு நாம் தலையாட்டுவது மெஷினை நம்பியதால் என்று நினைக்காதீர்கள். அறையில் இருக்கிற எல்லோரும் அந்த அளவையே விரும்பும்போதுதான் தலை தானாக ஆடுகிறது.

ஆனால் என் விரல் இன்னும் பாதி வழியில்தான் இருந்தது. குழாய் இன்னும் கீழே போகிறது என்று ஃபைல் சொல்லிக்கொண்டிருந்தது. கையை நிறுத்தினேன். எஸ்தரைப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் நானும் எஸ்தரும் பேசிக்கொண்டதில் பாதி, முகமூடிக்கு மேலே கண்ணால் பேசியதுதான். இப்போது அதற்காகவும் ஏங்குகிறேன்.

"அண்ணே, உங்க பைக்கு பக்கத்துக் கடை வாசல மறிச்சு நிக்குதாம். கடைக்காரரு சத்தம் போடுறாரு" என்றார் எஸ்தர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர் கண்ணிமைக்காமல் பொய் சொன்னார். கணவர் வெளியே ஓடினார்.

பெட்டியிலிருந்த இன்னொரு கொக்கியை ஒயரில் சொருகி ஃபைலில் தொட்டுப் பார்த்தேன். மெஷின் ஒழுங்காகக் கத்தியது. ஆக மெஷினில் கோளாறு இல்லை, ஒயரில் இல்லை, ஃபைலில் இல்லை. ரப்பர் திரையின் ஓரத்தை மெல்லத் தூக்கினேன். உதட்டோரக் கொக்கியில் முந்தானை நுனி நாலு சுற்றுச் சுற்றியிருந்தது. உதட்டுக்கும் உலோகத்துக்கும் நடுவே பருத்திச் சேலை. காய்ந்திருந்தவரை கரண்ட் போகவில்லை. எச்சிலில் நனைந்ததும் ஒரு தாவல் தாவியிருக்கிறது.

திரையைக் கழற்றி எடுத்தேன். செல்வி வாயைத் துடைத்துக்கொண்டார். மாட்டிக்கொண்ட முகம் இல்லை அது. கேட்டால் சொல்வோம் என்று இருந்த முகம்.

"ஒயர் ரெண்டு வருது. உதட்டுல மாட்டுறீக. கரண்டு வயித்துக்கு எறங்கிராதா டாக்டர்?"

ரிமோட்டில் போடுகிற மாதிரி சின்ன பேட்டரிதான், உங்களுக்குத் தெரியவே தெரியாது, ஒரு பொட்டுக் கரண்ட் என்று சொன்னேன். சொன்ன நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கலாம்.

"எங்க ரூம்புல ஒரு பொட்டு போதும் டாக்டர்" என்றார் செல்வி. "ஒண்ணும் மிஞ்சாது."

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? பாடப்புத்தகத்தின் பின்பக்கத்தில் இல்லை. நானும் தேடினேன். முகமூடியைக் கழற்றி, அந்த இன்னொரு கொக்கியை என் உதட்டில் மாட்டிக்கொண்டேன். புது ஃபைல் ஒன்றைக் கன்னத்தின் உட்பக்கம் வைத்துக் காட்டினேன். மெஷின் கத்தியது. தூண்டிலில் மாட்டிய கெளுத்தி மீனைப் போல நான் நின்றதைப் பார்த்து எஸ்தர் மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

"பாத்தீகளா, எனக்கு ஒண்ணும் ஆகல."

"நீங்க முழுகாம இல்லையே டாக்டர்."

மறுக்க முடியாத வாதம். கொக்கியைக் கழற்றினேன்.

பிறகு நாற்காலியைத் தாழ்த்தி, ஸ்டூலை இழுத்துப்போட்டு அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தேன். காலையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியது. கரண்ட் பல்லில் ஏறி உதட்டில் இறங்கிவிடும், ரெண்டும் முகத்திலேயே இருக்கிறது, கழுத்துக்குக் கீழே வர அதற்கு வழியில்லை என்று என் கன்னத்திலேயே விரல் வைத்துக் காட்டினேன். இதை நான் பொய்யாகச் சொல்லவில்லை என்பதை மட்டும் நம்பச் சொன்னேன். வேண்டாம் என்றால் சீழை வடித்தவரை போதும், இன்றைக்கு மூடி அனுப்புகிறேன், நாளைக்கு வீக்கம் பார்த்து முடிவு செய்வோம் என்றும் சொன்னேன். இரண்டாவதை மனதாரத்தான் சொன்னேன். வாயைத் திறப்பதற்கும் மூடுவதற்கும் அவருக்கு உரிமை இருக்க வேண்டும். நமக்குக் கருவிகள் அதிகமாக அதிகமாக இது மறந்துபோகும்.

செல்வி கொக்கியிலிருந்து முந்தானையைத் தானே பிரித்து எடுத்தார்.

"சுருக்கா முடிச்சிருங்க டாக்டர்."

ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டார். அதை எடுக்கச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

திரையை மாட்டி, கொக்கியைப் போட்டு, ஃபைலை இறக்கினேன். பீப். சற்று விட்டு இன்னொன்று. தெருக்கோடியில் யாரோ வருவது மாதிரி. பிறகு அருகில். பிறகு வாசலில். அப்புறம் அந்த நீண்ட ஒற்றைச் சத்தம். என் விரல் நின்ற இடமும் மெஷின் சொன்ன இடமும் ஒன்றாக இருந்தன. அந்தப் பல்லில் இருந்த மூன்று குழாயும் அப்படியே வந்தன. இந்தத் தொழிலில் சந்தோஷம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம் என்று தெரிவது. அதற்காகத்தான் நான் இன்றைக்கும் வேன் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கணவர் தெருவிலிருந்த கடைகளிலெல்லாம் விசாரித்துவிட்டுத் திரும்பி வந்து, பைக் எந்தக் கடையையும் மறிக்கவில்லையே என்று எஸ்தரிடம் சண்டைக்கு நின்றார். அதற்குள் வேலை முடிந்திருந்தது. உள்ளே மருந்து வைத்து அடைத்தேன். அந்த வார்த்தையைச் சொல்லாமல், "தற்காலிகமா அடைச்சிருக்கேன், சில வாரம் கழிச்சு வாங்க" என்று அனுப்பினேன். மறுநாளே வீக்கம் வடியத் தொடங்கிவிட்டதாகப் போன் வந்தது. மற்றதைப் பற்றி அவர் சொல்லவில்லை. நாங்கள் கேட்கவும் முடியாது.

அந்த வாரங்களில் எனக்கும் எஸ்தருக்கும் ஒரு விசித்திரமான வியாதி வந்தது. எஸ்தர் தன் சபையில் பெயர் சொல்லாமல் ஜெபக் குறிப்பு கொடுத்திருந்தார். நான் சாமி கும்பிடுவதில் அரைகுறை. காலண்டர் கிழிக்கும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்கும். நாளைக்குப் பார்க்க வேண்டியவர்களின் வரிசையை எஸ்தர் சொல்லும்போது, செல்வி பெயர் வருகிறதா என்று காத்திருப்பேன். வரவில்லை என்றால் நல்லது என்று நினைப்பேன். நல்ல செய்தியுள்ளவர்கள் பல்லை மறந்துவிடுவார்கள் என்று எனக்கு நானே ஒரு கணக்கு வைத்திருந்தேன். எங்களுக்கு உறவுமில்லை, ஊருமில்லை. ஆனாலும் அந்த 'இருக்கணும்' எப்படியோ எங்கள் இரண்டு பேருக்கும் தொற்றியிருந்தது.

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பகல் நேரம் செல்வி வந்தார். கன்னம் சரியாகிவிட்டிருந்தது. கணவர் லோடு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார், பஸ்ஸில் வந்தேன் என்றார். நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, வாயைத் திறக்குமுன் சொன்னார்:

"இன்னைக்குப் படம் எடுத்துக்கோங்க டாக்டர்."

எஸ்தர் தட்டில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்குவது நின்றது.

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். மனிதர்களோடு இத்தனை வருடம் பழகியவன், இத்தனை புத்தகம் படித்தவன். கையுறையை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினேன். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்.

"ஒங்க மெஷினு ஒண்ணும் பண்ணல டாக்டர். அங்கன ஒண்ணுமே இல்லயாம். நாள்தான் தள்ளிப் போயிருக்கு. பெரியாஸ்பத்திரியில பாத்துச் சொல்லிட்டாக." கொஞ்சம் சிரித்தார். "முட்டாய் வாங்காதது நல்லதாப் போச்சு."

இளைய டாக்டர்களே, நியாயமாகப் பார்த்தால் இந்த இடத்தில் நான் உங்களுக்குப் பாடம் ஒன்று சொல்ல வேண்டும். இல்லாத ஒன்றுக்காக நான் அன்று படம் எடுக்காமல் விட்டது சரியா என்று கேட்பீர்கள். சரிதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். செல்வி உட்கார்ந்திருந்த அன்றைக்கு அது இருந்தது. அதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை.

முறைப்படி அந்தக் கவசத்தை, ஈய ஏப்ரனை எடுத்து அவர் மார்பிலிருந்து மடிவரை போர்த்தினேன். நல்ல கனம் அது. முதல்முறை போர்த்திக்கொள்கிறவர்கள் "அம்மாடி" என்பார்கள். செல்வி கையைக் கொண்டுவந்து அதன் மேல், வயிற்றுக்கு நேராக வைத்துக்கொண்டார். ஃபைல்களை உள்ளே வைத்துப் படம் எடுத்தேன். கம்ப்யூட்டர் திரையில் வந்தது. மூன்று குழாய், மூன்று கம்பி, மூன்றும் நிற்க வேண்டிய இடத்தில் நின்றன. என் தொழில் வாழ்க்கையில் அத்தனை துல்லியமாக நான் அளந்ததில்லை. வேறொரு நாளாக இருந்தால் உங்களைப் போன்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன். அன்று திரையை மெல்ல என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

எஸ்தர் வந்து ஏப்ரனின் ஓரத்தைப் பிடித்தார். "எடுத்திரவாம்மா? கனமா இருக்கும்."

செல்வி கையை எடுக்கவில்லை.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்க்கா" என்றார்.

எஸ்தர் விட்டுவிட்டார். நான் விளக்கைத் தள்ளி வைத்தேன். வெளியே ஹாலில் அடுத்த ஆள் இருமுவது கேட்டது. யாரும் அவரைக் கூப்பிடப் போகவில்லை.